பதினான்கு, உட்பிரிவு ஆ

விளையாட்டு வக்கீல் என்றால்
கண்ணாடி அறையில் உட்கார்ந்து
ஓசியில் மேட்ச் பார்ப்பவள் என்று
சாட்ஸ்வொர்த் கல்யாணங்களில் ஒரு நம்பிக்கை.
பிரியாணி வரிசையில் முதுகைத் தட்டி
"ரெண்டு டிக்கெட் கிடைக்குமாம்மா?"

ஆட்டம் எனக்குத் தெரியாது.
ஆஃப்சைடை மூன்று பேர் விளக்கியும் பிடிபடவில்லை.
ஆட்டம் முடிந்தபின் வரும் காகிதம் தெரியும்:
முழங்காலின் ஸ்கேன்,
இரண்டு மாத வாடகை பாக்கி,
ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்டவன்
பத்திரமாய் வைத்திருந்த இருமல் டானிக் ரசீது.

முதலில் நிலப்பத்திரம்தான் எழுதினேன்,
வெருலத்தில் அண்ணன் தம்பி
பேசாமலே பிரித்துக்கொண்ட கரும்புக்காணிகள்.
பிறகு அம்கேனி சாலையில்
டயர் கடைக்கு மேல் இரண்டாம் மாடி,
ஒரு கால்பந்து கிளப்பின் சட்டப் பிரிவு.
மேலதிகாரி க்ளோப்பர் சொன்னார்:
"மிஸ் படையாச்சி,
எந்த டாக்டராலும் திறக்க முடியாதபடி
ஒரு பூட்டு எழுதிக் கொடு."

எனக்கு இருபத்தாறு வயது.
வெள்ளிக்கிழமை, மின்வெட்டு,
மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதினேன்:
ஆட்டக்காரர் தொண்ணூறு நாளுக்கு மேல்
உடற்தகுதி இழந்தால்
காரணம் எதுவாயினும்
கழகம் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.

காரணம் எதுவாயினும்.
இரண்டே சொல்.
அன்று மாலை கடற்கரையில்
துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல்களை
எண்ணிக்கொண்டு நடந்தேன்,
கவிதை வாய்த்தவள் மாதிரி.

கிளப்பை ஒருவர் வாங்கினார், பெயரை மாற்றினார்,
வேறு மாகாணத்துக்குக் கொண்டுபோனார்.
மேசை நாற்காலிகளோடு
என் வாக்கியமும் லாரியில் ஏறியது.
அங்கிருந்து அடுத்த கிளப்,
அதற்கடுத்தது.
வாக்கியத்துக்கு முழங்கால் கிடையாது.

பதினோரு வருடம் கழித்து
நான் ஆட்டக்காரர் சங்கத்தில். பாதிச் சம்பளம்.
கட்சிக்காரர் ம்தூன்ஸி ஷேஸி,
உம்லாஸிக்காரர், கோல்கீப்பர்.
பயிற்சித் திடலில் கிளப் மூடாமல் விட்ட
தண்ணீர்க்குழாய்க் குழியில்
வலது காலை விட்டவர்.
தொண்ணூற்றோராம் நாள்
கடிதம் வந்திருக்கிறது.

விசாரணை, கடலோர ஹோட்டலின் கூட்ட அறையில்.
மூன்று நடுவர்கள், ஒரு தட்டு பிஸ்கட்.
எதிர்த்தரப்பில் புதுச் செருப்பு கடிக்கும் ஒரு சின்னப் பெண்
எழுந்து படித்தாள் என் வாக்கியத்தை.
"காரணம் எதுவாயினும்" வந்ததும்
குரலை லேசாய் இறக்கினாள்.
அவளுக்கு அது பிடித்திருந்தது.

"இந்தப் பிரிவு தெளிவில்லை என்பது உங்கள் வாதமா?"
"இல்லை ஐயா, ரொம்பத் தெளிவு.
எழுதியவள் குழியை நினைக்கவில்லை,
அதுவும் தெளிவு."
"எழுதியவரைத் தெரியுமா?"

மனுவின் முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தேன்.
முதல் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?
"நான்தான் ஐயா."

ஏசி மட்டும் பேசியது.
ஷேஸிக்கும் அது பழைய செய்திதான்,
கையெழுத்துப் போட்டுத்தான் என்னை வைத்துக்கொண்டார்.
ஆனாலும் திரும்பிப் பார்த்தார்,
பெனால்டி அடிக்க வருகிறவனின்
இடுப்பைப் பார்ப்பதுபோல,
எந்தப் பக்கம் போவேன் என்று.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு:
ஏழு மாதச் சம்பளம்.
குழிக்குத்தான் பணம்.
பதினான்கு ஆ செல்லும் என்றார்கள்.
அவர் இப்போது பைன்டவுனில்
பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுத் தருகிறார்,
குனியாமல்.

சட்டக் கல்லூரியில் கூப்பிட்டு
இந்தத் துறையில் என்னென்ன வழி என்று கேட்டார்கள்.
கிளப், சம்மேளனம், ஏஜென்ட், சங்கம், நடுவர் மன்றம்
என்று பலகையில் எழுதி அம்பு போட்டேன்.
பிள்ளைகள் அம்பையும் நகலெடுத்தார்கள்.

நேற்று மேசைக்கு ஒரு புது ஒப்பந்தம்,
பதினெட்டு வயதுப் பையனுடையது.
நேரே ஒன்பதாம் பக்கத்துக்குப் போனேன்.
இருந்தது.
"எதுவாயினும்" என்பதற்குப் பின்னால்
யாரோ ஒரு காற்புள்ளி சேர்த்திருக்கிறார்கள்.

சரியான இடம்.
எனக்குத் தோன்றியிருக்கவில்லை.